இரண்டரை அங்குலம்

ஜூலை 8, திங்கள்

நான்கு நாளாக வராத சிறுவாணித் தண்ணீர் இன்று நான் வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரம் பார்த்து வந்தது. ஒரு குடம்கூட நிரம்பவில்லை. குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். மீதியை வீட்டுக்காரர் பிடித்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். பிடித்து வைக்கவில்லை.

பத்து மணிக்குக் கடையின் இரண்டாவது மாடியில் கூட்டம். மாடி முழுக்க இன்னும் ப்ளைவுட் வாசனை. ஆவணி முகூர்த்தங்களுக்குள் அங்கே வைரத்துக்கும் கல்யாண நகைக்கும் தனித் தளம் திறக்கிறார்கள். பொறுப்பு, முதலாளியின் சின்ன மருமகள் மிருதுளா மேடத்துக்கு. முப்பது வயதுகூட இருக்காது. காதில் பொட்டுப் போல ஒரு கல், ஜீன்ஸ், காலில் வெள்ளை ஸ்னீக்கர். மாடிக்கும் கீழுக்கும் நாளெல்லாம் துள்ளிக்கொண்டு போய் வருகிறார்.

சுவரில் இரண்டு படங்களைப் போட்டுக் காட்டினார். ஒரே பெண், ஒரே பட்டுப் புடவை. ஒன்றில் காலில் ஹீல்ஸ். இன்னொன்றில் நாங்கள் போடுவது போன்ற கறுப்பு கேன்வாஸ் ஷூ.

“எது அழகு? மனசுல பட்டதைச் சொல்லுங்க,” என்றார்.

மேனேஜர் சம்பத் கேள்வி முடிவதற்குள் “ஹீல்ஸ்தான் மேடம்,” என்றார். நாள் முழுக்கச் செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் காலை நீட்டிக்கொண்டிருக்கிற மனிதர். அவருக்கென்ன.

வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பெண்கள் பதினான்கு பேருக்கும் நான் பொறுப்பாளர் என்பதால் கடைசியாக என்னைக் கேட்டார். சொன்னேன்.

தோசை மாவு புளித்துவிட்டது. நாளைக்குப் பணியாரம்தான்.

ஜூலை 11

சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆவணி முதல் விற்பனைப் பெண்கள் எல்லோரும் அரக்குப் புடவை, கறுப்பு ஹீல்ஸ். குதிகால் உயரம் இரண்டரை அங்குலம். புதுத் தளத்தில் நீளக் கவுன்டர் கிடையாது. வருகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் தட்டில் நகையை ஏந்திக்கொண்டு நடந்துபோய்க் காட்ட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். உட்காருவதற்கு இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது கடையில் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டார்கள். அதில் இப்போது நகை டப்பாக்கள் உட்கார்ந்திருக்கின்றன.

மத்தியானம் சாப்பாட்டு அறைக்கு ஓர் ஆள் வந்து எல்லோர் காலையும் அளந்துகொண்டு போனார். கோகிலவாணி கடைசியாக வந்தாள். “அஞ்சு நம்பருங்க. அளக்க வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளைப் பற்றி எழுத வேண்டும். அன்னூர்ப் பக்கம். இருபத்தேழு வயது. ஆறு வருடமாக என்னிடம் வேலை செய்கிறாள். ஆரம் விற்பதில் அவளை மிஞ்ச இந்த வீதியிலேயே ஆள் கிடையாது. நெக்லஸ் கேட்டு வந்தவர்களும் அவளிடம் போனால் ஆரத்தோடுதான் போவார்கள், அதுவும் சந்தோஷமாக. ஒன்பது வயதில் டிராக்டரிலிருந்து விழுந்து இடது தொடை எலும்பு முறிந்திருக்கிறது. எலும்பு கூடியது, ஆனால் அந்தக் கால் முக்கால் அங்குலம் குட்டை. இடது ஷூவுக்குள் கார்க் அட்டை வைத்துப் போடுகிறாள். நடையில் ஒன்றும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒருநாள், உடை மாற்றும் அறையில் நான் பார்த்துவிட்டேன்.

“யாருகிட்டயும் சொல்லிராதீங்க்கா,” என்றாள்.

இன்றுவரை சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. அந்த விஷயத்தில் எனக்குப் பெருமைதான்.

ஜூலை 12

பாத்திரம் தேய்க்கும் சோப்பு தீர்ந்துவிட்டது. முட்டி வலி. வேறொன்றும் இல்லை.

ஜூலை 19

செருப்புகள் வந்துவிட்டன. கடை திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் நடைப் பயிற்சி. தரையில் சிவப்பு டேப் ஒட்டி அதன்மேல் எங்களை நடக்கச் சொன்னார் மிருதுளா மேடம். “தோளை நிமிர்த்துங்க, கீழ பாக்காதீங்க,” என்று சொல்லிக்கொண்டு அவர் தன் ஸ்னீக்கரில் சத்தமில்லாமல் பக்கத்திலேயே நடந்தார்.

எனக்கு வயது நாற்பத்தொன்று. உயரம் ஐந்து அடிக்கு அரை அங்குலம் குறைவு. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ வாடிக்கையாளர்கள் “அந்தக் குள்ள அக்காவைக் கூப்பிடுங்க,” என்று என் காது படவே சொல்லியிருக்கிறார்கள். இன்று அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு தூணில் இருந்த கண்ணாடியில் ஒருமுறை பார்த்தேன். இரண்டு முறை. கட்டை விரல் நெரிந்து உயிர் போயிற்று. ஆனாலும் பார்த்தேன்.

கோகிலவாணி நடந்தாள். மூன்றாவது எட்டிலேயே இடுப்பு ஒரு பக்கம் இறங்கியது. தட்டில் இருந்த டம்மி மாலை சரிந்து விழுந்தது.

“என்னாச்சு?” என்றார் மேடம்.

“சுளுக்குங்க மேடம். பஸ்ல இறங்கறப்போ.”

“சரி, ஒரு வாரம் ரெஸ்ட் குடுங்க. அப்புறம் நடங்க.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டேப் ஓரத்தில் பிரிந்திருந்ததைக் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

அவரும் நானும் காலையில் மெத்தையை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தபோது கோகிலவாணி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு பூவன் பழம். காபி கொடுத்தேன்.

“இந்தச் செருப்புக்குள்ள அட்டை நிக்க மாட்டேங்குதுங்க்கா. குதிங்கால் வெளிய வந்துருது. நீங்க மேடத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். எனக்கு மட்டும் ஷூ போட உடச் சொல்லி.”

“காரணம் கேட்டா உன் காலைச் சொல்ல வேண்டி வருமே.”

“சொல்லீருங்க. இனி என்ன பண்றது.”

“அவசரப்படாத கோகிலா. தளம் திறக்கட்டும். அந்தம்மாவே வேகம் தணிஞ்சு மாத்திருவாங்க.”

அவள் காபியை முழுசாகக் குடிக்கவில்லை. போன பிறகு அவர் கேட்டார். “அந்தப் புள்ளை ஒரு வார்த்தை பேசச் சொல்லுதே. பேசறதுக்கென்ன?”

எல்லாவற்றுக்கும் நேரம் காலம் இருக்கிறது என்றேன். பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவருக்கு எங்கள் கடையின் நெளிவு சுளிவு எப்படித் தெரியும்? ஆவணிக்குள் அந்தத் தளத்துக்கு ஒரு மேலாளரைப் போட வேண்டும். பெண்தான் வேண்டுமென்று மேடம் சொல்லியிருக்கிறார். இந்த நேரத்தில் போய் விதியை மாற்றுங்கள் என்று யாராவது நிற்பார்களா?

நிற்க மாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த நேரத்தில் என்றுதான் சொல்கிறேன்.

ஜூலை 26

கோகிலவாணி கெட்டிக்காரி. யாரோ ஒரு செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து வலது செருப்பின் குதிகாலை முக்கால் அங்குலம் வெட்டிக் குறைத்துவிட்டாள். இடதில் இரண்டரை, வலதில் ஒன்றே முக்கால். இரண்டு காலும் சமமாகிவிட்டன. டேப்பின் மேல் நடந்தாள். நூல் பிடித்த மாதிரி நேராக, மாலை அசையாமல். பெண்கள் கை தட்டினார்கள். என் கண் கலங்கியது. கை தட்டினேன்.

சம்பத் சும்மா இருக்கக் கூடாதா! சாப்பாட்டு நேரத்தில் அறை வாசலில் கழற்றி வைத்திருந்த ஜோடியைப் பார்த்து, கையில் தூக்கிக்கொண்டு வந்து, “இதென்ன, ஒண்ணு அண்ணன் ஒண்ணு தம்பியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் எழுந்துபோய் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சாயங்காலமே புது ஜோடி வந்துவிட்டது. “கம்பெனிப் பொருளைச் சேதப்படுத்தக் கூடாது,” என்று ஒரு துண்டுச் சீட்டும்.

எரிச்சலாக இருக்கிறது. சம்பத்தின் மேல்தான்.

ஜூலை 30

இன்றைக்குத் தலைவலி. நேற்று மேடம் எங்களை வரிசையாக நிறுத்தி ஹீல்ஸில் ஒரு தடவை, பழைய ஷூவில் ஒரு தடவை நடக்கவிட்டுப் போனில் படம் பிடித்தார். பயிற்சிக்கு என்றுதான் நினைத்தோம். இன்று அது கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பாட்டோடு ஓடுகிறது. “எது அழகு? ஹீல்ஸா, ஸ்னீக்கரா? நீங்களே சொல்லுங்க!” கீழே ஓட்டுப் போட இரண்டு கட்டங்கள்.

எங்கள் முகத்தைப் போட எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

பஸ்ஸில் வரும்போது கருத்துகளைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. “முதல்ல வர்ற குட்டி அக்காவுக்கு ஸ்டூல்தான் வேணும்.” அது நான். “மூணாவதா வர்ற அக்கா நடக்குதா, நொண்டி விளையாடுதா?” அதற்கு நானூறு பேர் சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார்கள். ஒருத்தன் அந்த நடையை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி செய்து போட்டிருக்கிறான்.

போன் செய்தேன். கோகிலவாணி எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தாள்.

“ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்களாமுங்க்கா. எங்கம்மா அழுகுது. பதினெட்டு வருசமா மூடி வெச்சது.”

கருத்துகளை நீக்கச் சொல்லி மேடத்திடம் பேசுகிறேன் என்றேன்.

ஜூலை 31

பேசினேன். “எடுத்துடலாம் அக்கா, டீம்ல சொல்றேன்,” என்றார். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 1

ஓட்டெடுப்பு முடிந்தது. நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர் ஸ்னீக்கர் பக்கம். புடவைக்கு ஷூ போட்டால்தான் வேலை செய்கிற பெண் மாதிரி தெம்பாக இருக்கிறது என்று ஒரு பெண் நாலு வரி எழுதியிருந்தாள். எங்கள் பெண்கள் அறைக்குள் குதிக்காத குறை.

மிருதுளா மேடம் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “ஓட்டுப் போட்ட யாரும் வைரம் வாங்கற ஆளுங்க இல்ல. ஹீல்ஸ்தான்.”

பிறகு எதற்கு ஒன்பதாயிரம் பேரைக் கேட்டார்? ஒன்பதாயிரம் பேர் எங்கள் காலைப் பார்ப்பதற்கா? இதை அவரிடமே கேட்டிருக்க வேண்டும். டைரியிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது.

ஆகஸ்ட் 2

மேடம் அறைக்குக் கூப்பிட்டார். சம்பத்தும் இருந்தார்.

“கோகிலவாணிக்குக் கால்ல ஏதோ பிரச்சினை இருக்காமே. சுளுக்கு இல்லையாம். ஆறு வருஷமா உங்ககிட்டதானே இருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

அவளுடைய ரகசியம் அது. யாரிடமும் சொல்லாதே என்று அவள்தானே கேட்டுக்கொண்டாள். ஜூலை இருபத்தொன்றாம் தேதி சொல்லிவிடச் சொன்னாள் என்பது வேறு. அது வேறு சூழ்நிலை.

நாளையிலிருந்து கோகிலவாணிக்குத் தரைக்கடியில் இருக்கும் அறையில் வேலை. நகைக்கு எடைச்சீட்டுக் கட்டுவது, டப்பா ஒட்டுவது. சம்பளத்தில் கை வைக்கவில்லை. அதை மேடம் இரண்டு தடவை சொன்னார்.

நான் எழுந்து வரும்போது, “உங்க மாதிரி ஒத்துழைக்கிற ஆளுதான் அக்கா மேலாளரா வேணும்,” என்றார்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. கடையில் கூட்டம் சொல்லி மாளாது. கீழ் அறைக்கு நான்கு முறை சீட்டு வாங்கப் போக வேண்டியிருந்தது. வேறு ஆளை அனுப்பினேன்.

ஆகஸ்ட் 6

இன்று நானே போக வேண்டியதாயிற்று. ஜன்னல் இல்லாத அறை, ஒரு குழல் விளக்கு. கோகிலவாணி தன் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு நூலும் சீட்டுமாக உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

“ஏனுங்க்கா, ஹீல்ஸ் நல்லாருக்கும்னு நீங்கதான் சொன்னீங்களாமே? சம்பத் சார் சொல்றாரு.”

“எல்லாருந்தான் சொன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எல்லாரையும் போலத்தான்.”

அவள் ஒரு சீட்டில் முடிச்சுப் போட்டாள். பிறகு இன்னொன்றில்.

“கால் வீங்கிருக்குதுங்க்கா உங்களுக்கு. உப்புத் தண்ணில வைங்க,” என்றாள்.

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஆகஸ்ட் 14

வெந்நீர், உப்பு, விளக்கெண்ணெய். அவர் என் குதிகாலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டார்.

“அந்தக் கூட்டத்துல நீ என்னதான் புள்ள சொன்ன?”

தூக்கம் வருகிறது என்றேன். மணி எட்டுதான் ஆகியிருந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

இடது கையால் போனில் தட்டி வைக்கிறேன், பிறகு டைரியில் ஏற்றிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்.

இன்று புதுத் தளம் திறந்தார்கள். நாதஸ்வரம், பன்னீர், சந்தனம். மணப்பெண்ணும் அவள் வீட்டாருமாக முதல் குடும்பம் சோபாவில் உட்கார்ந்திருந்தது. வைர ஆரம் இருந்த தட்டை ஏந்திக்கொண்டு நான் மூன்று படி இறங்கி வர வேண்டும். மேடம் கேமராவை நிறுத்தியிருந்தார். இரண்டாவது படியின் விளிம்பில் வலது குதிகால் மாட்டிக்கொண்டது. படக் என்று ஒரு சத்தம். குதிகால் முறிந்த சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் முறிந்திருந்தது. மற்றது என் கணுக்கால்.

கண் திறந்தபோது நாலைந்து பேர் குனிந்திருந்தார்கள். என்னை இல்லை, ஆரத்தை. “லாக்கெட் எங்க, லாக்கெட் எங்க?” என்று சம்பத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். அதையும் குறை சொல்ல முடியாது. நானும் முதலில் ஆரத்தைத்தான் தேடினேன்.

கோகிலவாணி எப்படி அவ்வளவு சீக்கிரம் கீழிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. அந்தச் செருப்பை மெதுவாகக் கழற்றிவிட்டு, என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். “நகைய அப்புறம் தேடுங்க சார், வண்டியக் கூப்பிடுங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் நின்றுவிட்டது.

வலது கணுக்காலில் முறிவு, வலது மணிக்கட்டில் வீக்கம். ஆறு வாரம் கட்டு.

ஆகஸ்ட் 24

சம்பத் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். இ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கை, எல்லாம் நிரப்பித் தயாராக இருந்தது. காரணம்: “படியில் இறங்கும்போது புடவை தடுக்கி விழுந்தார்.”

“செருப்புன்னு எழுதினா ஆயிரம் கேள்வி வரும்மா. புடவைன்னா புடவைதான். மேடம் உங்க மேலாளர் ஆர்டர அடிச்சு வெச்சுட்டாங்க. கால் சரியாகி வந்ததும் கையில வாங்கிக்கங்க.”

இடது கையால் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை.

ஆகஸ்ட் 27

வீட்டுக்கு வந்துவிட்டேன். கக்கூஸுக்குப் போவதற்குக்கூட இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. ஓர் அடியை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்து வைக்கிறேன்.

கோகிலவாணி எலும்பு சூப் கொண்டுவந்தாள். கட்டிலில் கிடந்த அறிக்கையின் நகலை எடுத்துப் படித்தாள். “புடவை தடுக்கி,” என்று மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். மடித்து, இருந்த இடத்தில் வைத்தாள்.

“சூப் ஆறிப்போயிருங்க்கா. குடிங்க.”

அவ்வளவுதான். ஒரு கேள்விகூட இல்லை. அவள் கேட்டிருக்கலாம்.

அவள் போன பிறகு எனக்கு வந்த கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. டம்ளரைத் தூக்கி எறிந்தேன். அவர் துணி எடுத்து வந்து துடைத்தார்.

ஆகஸ்ட் 28

இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

ஜூலை எட்டாம் தேதி மிருதுளா மேடம் என்னைக் கேட்டபோது நான் வெறுமனே ஹீல்ஸ் என்று சொல்லவில்லை. அதுவரை பெண்களில் பாதிப் பேர் ஷூதான் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். மேடமே யோசனையாகத்தான் இருந்தார். “எல்லாராலயும் போட முடியுமா அக்கா? யாருக்காவது கஷ்டமா இருக்குமா?” என்று கேட்டார். நான் சொன்னது: “ஹீல்ஸ் போட்டா கம்பீரமா இருக்குமுங்க மேடம். எங்க புள்ளைக யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லீங்க. நான் பாத்துக்கறேன்.”

எனக்கு எதிரே மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது, கோகிலவாணி கீழே வாடிக்கையாளரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் காலுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறந்துவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. ஞாபகம் வந்தது. வந்தும் சொன்னேன்.

காலை பத்து மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன். எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். மறுமுனையில் டப்பா ஒட்டும் டேப் கிழிபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

“அறிக்கையை மாத்தி எழுதப் போறேன் கோகிலா. செருப்பாலதான் உழுந்தேன்னு. முதலாளிக்கும் தனியா ஒரு லெட்டர். அதுல உன் கால் விசயத்தை எழுதட்டுமா?”

“ஊருக்கே காட்டியாச்சு. எழுதுங்க.” மறுபடி டேப் கிழிந்தது. “நீங்க சொன்னதையும் சேத்து எழுதுங்க. அதை உட்டுராதீங்க.”

விடவில்லை. நான் சொல்லச் சொல்ல, அவர் தன் கோணல் எழுத்தில் மூன்று பக்கம் எழுதினார். “யாருக்கும் கஷ்டமில்லை” என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன். எழுதினார். சாயங்காலம் பதிவுத் தபாலில் போய்விட்டது, ஒன்று இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு, ஒன்று முதலாளிக்கு.

செப்டம்பர் 4

பதில் இல்லை. தக்காளி அழுகிவிட்டது. கட்டுக்குள் அரிக்கிறது.

செப்டம்பர் 11

சம்பத் போனில் கத்தினார். “சோறு போட்ட கடைக்கு இப்படிப் பண்ணலாமா?” என்றார். பத்தொன்பது வருடம் நின்றேனே, அந்தச் சோறு சும்மா வந்ததா என்று கேட்டேன். வைத்துவிட்டார். இதை இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தால் இத்தனை வலி இல்லை.

செப்டம்பர் 18

இ.எஸ்.ஐ. அலுவலகம் சொல்லித் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனாராம். பெண்கள் வரிசையாகக் காலைக் காட்டினார்களாம், கொப்புளமும் கட்டுமாக. மேலாளர் பதவிக்குத் திருப்பூர்க் கிளையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்குப் பழைய பொறுப்பே தொடரும் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். வேலையைவிட்டு எடுத்தால் விவகாரம் பெரிதாகும் என்று வக்கீல் சொல்லியிருப்பார்.

அழவில்லை. அந்த நாற்காலியை மனதுக்குள் எத்தனை தடவை எங்கே போடலாம் என்று பார்த்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 4, வெள்ளி

இன்று வேலைக்குப் போனேன். கையில் ஊன்றுகோல், காலில் அவர் வாங்கிக் கொடுத்த அகலமான ஷூ.

அறிவிப்புப் பலகையில் புதுச் சுற்றறிக்கை. “வாடிக்கையாளர்களின் விருப்பத்தை ஏற்று” இனிப் பெண்கள் ஷூவே அணியலாமாம். என் கடிதம் இல்லை, விசாரணை இல்லை, கொப்புளம் இல்லை. வாடிக்கையாளர்களின் விருப்பம். படித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு மேடம் எங்களை மாடியில் கூட்டினார். கோகிலவாணியைக் கீழிருந்து வரவழைத்திருந்தார். கேமராவும் இருந்தது.

“நீங்க கேட்டீங்க, நாங்க மாத்திட்டோம்னு ஒரு வீடியோ போடறோம். கோகிலவாணி, நீங்கதான் நடக்கணும். ஸ்னீக்கர்ல, சிரிச்ச முகமா. பழைய வீடியோவுக்கு அது பதிலா இருக்கும்.”

“இந்தத் தடவை கேட்டதுக்கு நன்றிங்க மேடம்,” என்றாள் கோகிலவாணி. “நடக்கறனுங்க.”

அவள் குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றினாள். இடது ஷூவுக்குள்ளிருந்த கார்க் அட்டையை எடுத்து வைரக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். பிறகு வெறுங்காலோடு நடந்தாள். வாசலிலிருந்து கடைசிச் சோபா வரைக்கும், மெதுவாக. ஒவ்வோர் எட்டுக்கும் இடது தோள் இறங்கி ஏறியது. அவள் அதை மறைக்கவில்லை. திரும்பி அதே மாதிரி வந்தாள். கேமராவைப் பார்க்கவில்லை, மேடத்தைத்தான் பார்த்தாள்.

“இது எப்படீங்க இருக்குது? இதுக்கும் ஒரு கட்டம் வெச்சு ஓட்டுக் கேளுங்க.”

சம்பத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் கேமராவை அணைக்கச் சொன்னார். அவர் முகம் சிவந்திருந்தது. “சாரி,” என்று சொன்ன மாதிரி இருந்தது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

கோகிலவாணி ஷூவை மாட்டிக்கொண்டு கீழறைக்குப் போகவில்லை. தன் பழைய இடத்தில், ஆரப் பகுதியில் போய் நின்றாள். யாரும் தடுக்கவில்லை.

பதினொரு மணிக்குத் தாராபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மணப்பெண், அவள் அம்மா, இரண்டு சித்திகள். “வாங்கம்மா, வாங்க கண்ணு, உக்காருங்க,” என்று அவள் குரல் பழையபடியே எழுந்தது. ஐந்து நிமிடத்தில் அந்த மணப்பெண் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஆறு வருடத்தில் ஆயிரம் தடவை நின்ற மாதிரி.

அவள் கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

“அந்த மாங்காய் மாலைத் தட்டை எடுத்துக் குடுங்க, மேடம்.”

மேடம் யார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

எடுத்துக் கொடுத்தேன்.